பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டரும் ஒரு பாலமும்

என் கணவர் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தபோது, மலேசியாவில் எங்கள் குளுவாங்கிலிருந்து வான்கூவருக்குப் போக நான் இந்தியாவைத் தாண்டி, அரபு நாடுகளைத் தாண்டி, ஐரோப்பாவைத் தாண்டி, ஒரு பெருங்கடலையும் தாண்டி, அப்புறம் கனடாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போக வேண்டியிருந்தது. படத்தில் நாங்கள் வலது பக்கம், மகள் இடது ஓரம். நடுவில் உலகமே கிடந்தது. “இவ்ளோ தூரத்துக்கு எண்ணெய் பத்தாதே” என்று கவலைப்பட்டார், ஏதோ அவர்தான் ஓட்டப்போகிறவர் மாதிரி.

முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். இரண்டு ஊர் என்றால் நடுவில் ஒரு தண்டவாளம், அதில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடம் என்றுதான் அவர் புத்தி ஓடும். குளுவாங்கிலிருந்து லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றும் இல்லாமல் இருந்த மனிதருக்கு என் பயணம் கரும்பு தின்னக் கூலி மாதிரி ஆகிவிட்டது.

அவர் ஸ்கேலோடு நிற்பதை வீடியோவில் பார்த்த மகள் சிரித்தாள்.

“அப்பா, ஃபிளைட்டு அந்தப் பக்கம் போகாது. ஜப்பான் பக்கமா வரும். உலகம் உருண்டைப்பா.”

“எனக்குத் தெரியாதா லா” என்றார். முகத்தைப் பார்த்தால் அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் உலக உருண்டையை இரவல் வாங்கி வந்தார். என் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, ஒரு நுனியைச் சிங்கப்பூரில் வைத்து, மறு நுனியை வான்கூவரில் வைத்து இழுத்துப் பிடித்தார். குளுவாங் அந்த உருண்டையில் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். நூல் தைவானை ஒட்டி, ஜப்பான் பக்கமாக ஏறி, வடக்கே குளிர்ந்த கடலின் மேல் வளைந்து இறங்கியது. பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் என்று வைத்து, நூலை உருண்டையின் இடுப்பில் சுற்றிப் பார்த்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் வந்தது. விமானக் கம்பெனி சொல்லும் தூரமும் ஏறக்குறைய அதேதான் என்று மகள் பார்த்துச் சொன்னாள். அன்று முழுக்க அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

எனக்கோ தூரம் முக்கியமில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பிறக்கும்போது நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அது அவளுக்குத் தலைப்பிரசவம். உடம்பில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. அதனால் நாள் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமை காலை மருந்து கொடுத்து வலி வரவழைத்துவிடலாம் என்று அங்குள்ள டாக்டர் தேதி குறித்திருந்தார். என் விசா வந்து சேர்ந்ததோ அதற்கு முந்தைய வாரம். அப்போது சிங்கப்பூரிலிருந்து வான்கூவருக்கு நேராக ஒரு விமானம் இருந்தது. ஆனால் தினமும் கிடையாது. ஞாயிறு போவதை விட்டால் அடுத்தது புதன்கிழமை. நடுவில் இறங்கி ஏறும் விமானத்தில் நான் தனியாகப் போனால் வேறு ஏதாவது நாட்டில் குடியேறிவிடுவேன் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். எனக்கும் பயம்தான், வெளியில் சொல்லவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை விமானம். கையில் ஒரே ஒரு நாள் மிச்சம்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், நான் அவளைப் பெற்றபோது என் அம்மா உயிரோடு இல்லை. என் கணவரின் அக்காதான் கூட இருந்தார், குறை சொல்ல முடியாது. ஆனாலும் வலி உச்சத்துக்குப் போனபோது நான் தேடியது அம்மாவைத்தான். அந்தத் தவிப்பு இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மறக்கவில்லை. என் பிள்ளைக்கு அது வரக்கூடாது என்று அவள் வயதுக்கு வந்த காலத்திலிருந்தே நான் மனதில் முடிவு செய்து வைத்திருந்தேன். அவளிடம் வாய்விட்டும் சொல்லியிருந்தேன்: “நீ எந்த ஊர்ல பெத்தாலும் நான் வந்து பக்கத்துல நிப்பேன்.” அவள் இவ்வளவு தூரம் போய்ப் பெற்றுக்கொள்வாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டிக்கெட் வந்ததும் அடுத்த கூத்து தொடங்கியது. ஞாயிறு காலை ஒன்பதே கால் மணிக்குச் சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தில் புறப்பாடு. அதே ஞாயிறு காலை எட்டு நாற்பதுக்கு வான்கூவரில் இறக்கம். என் கணவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“நீ ஏறுறதுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே இறங்கிடுற. தப்பா அடிச்சிருக்கானுங்க.”

அங்கே மணி நமக்குப் பதினைந்து மணி நேரம் பின்னால் என்றும், நடுக்கடலில் தேதி மாறுகிற கோடு ஒன்று இருக்கிறது என்றும் மகள் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு விஷயம். போகப் பதினாலரை மணி நேரம், திரும்பி வரப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் என்று இருந்தது இன்னும் மோசம். ஒரே பாதையில் போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு ஒரு நேரமா என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். மேலே காற்று அந்தப் பக்கமாகத் தள்ளுகிறதாம். “அப்ப ரிட்டனுக்கு எதிர்காத்து” என்று கடைசியில் அவரே சொல்லிச் சமாதானம் ஆனார்.

இத்தனையும் அளந்தவர் அளக்க முடியாத ஒன்று வழியில் இருந்தது. எங்கள் எல்லை ஊரான ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருக்கிற பாலம். நீளம் ஒரு கிலோமீட்டர்தான். அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம். ஆண்டவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் விடியுமுன்னே இரண்டரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புவது என்று முடிவானது.

நான் தனியாகப் போவதாகச் சொன்னேன் இல்லையா? விமானத்தில்தான் தனி. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போனால் குடும்பமே விமான நிலையம்வரை போய் அனுப்பி வைக்க வேண்டும். போகாவிட்டால் பிறகு பத்து வருடத்துக்குப் பேச்சு வரும். பதினான்கு பேர் உட்காரும் வேன் பேசினோம். டிரைவரோடு சேர்த்துப் பதினொரு பேர் ஏறினோம். கூடவே ஒரு பெரிய டப்பா நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, ஒரு வாளி நிறைய வறுத்த கோழி, இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. சாங்கியில் கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு என்னை உள்ளே அனுப்புவதாகத் திட்டம்.

சாங்கி வேறு நாடு. போகிறவருக்கு மட்டுமல்ல, அனுப்பி வைக்க வருகிறவர்களுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். என் கணவர் அதையும் விடவில்லை. முந்தின நாளே குடும்ப வாட்ஸ்அப்பில், எல்லோரும் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துப் போடச் சொன்னார். எல்லோரும் போட்டார்கள். லாயாங் லாயாங்கில் இருக்கும் என் நாத்தனாரும் போட்டார். நான் அண்ணி என்று கூப்பிடுவது அவரைத்தான். என் பிரசவத்தில் கூட இருந்தவர். அவர் அனுப்பியது பாஸ்போர்ட்டின் மேலட்டை. கீழே கட்டைவிரல் உயர்த்திய பொம்மை. சிவப்பு அட்டையைப் பார்த்ததும் என் கணவர் திருப்தியாகத் தன் பட்டியலில் அந்தப் பெயருக்கும் ஒரு கோடு கிழித்துவிட்டார்.

அண்ணியை லாயாங் லாயாங்கில் ஏற்றிக்கொண்டோம். பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு வந்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் ஜெபமாலையைக் கையில் எடுத்தார். ஞாயிறு பூசைக்குப் போக முடியாததை ஜெபமாலை சொல்லி ஈடுகட்டுகிறாராம். வேன் முழுக்கப் பதில் ஜெபம் சொல்லிக்கொண்டே ஜொகூர் பாருவுக்கு வந்து சேர்ந்தோம். பள்ளி விடுமுறையின் முதல் நாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கார்கள் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றன. ஐந்து ஜெபமாலை சொல்லி முடித்து ஆறாவதில் பாதி போனபோதுதான் எங்கள் முறை வந்தது. மணி ஐந்தரை. இன்னும் நேரம் இருந்தது.

சாவடியில் இருந்த இளம் பெண் அதிகாரி பதினொரு பாஸ்போர்ட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பதாவதில் நின்றார். திருப்பினார். உள்ளே விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து, வேனுக்குள் தேடி, அண்ணியைப் பார்த்து பெரியம்மா என்று கூப்பிட்டு மலாயில் மரியாதையாகத்தான் சொன்னார்.

“மக்சிக், இது பழைய பாஸ்போர்ட். உள்தாள் முனையை வெட்டி ரத்து பண்ணியிருக்கு. தாக் போலே.”

தாக் போலே என்றால் முடியாது. அந்த இரண்டு சொல்லுக்கும் மேல்முறையீடு கிடையாது.

புதிய பாஸ்போர்ட் எங்கே என்று எல்லோரும் அண்ணியைக் கேட்டோம். அலமாரியில் இருக்கிறதாம். பின் எதற்கு ரத்தான பழையதைத் தூக்கி வந்தார்? அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

“ரெண்டும் ஒரே உறையிலதான் வெச்சிருந்தேன். எது பழசு எது புதுசுன்னு பிரிச்சுப் பார்த்தேன். இதுல போட்டோ நல்லா இருந்துச்சு. நல்லா இருக்கறதுதான் புதுசுன்னு நெனச்சிட்டேன்.”

அலமாக், ஆண்டவரே. பழைய படத்தில் பத்து வயது இளமையாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு அதிகாரி வந்து வேனை ஓரமாக ஒதுக்கி நிறுத்தச் சொன்னார். அண்ணி எல்லை தாண்ட முடியாது. அவரை நடுவழியில் இறக்கிவிடவும் முடியாது. வேன் வந்த வழியே திரும்ப வேண்டும். திரும்பும் பாதையில் தடுப்பு வைத்திருந்தார்கள், அதை எடுக்க ஆள் வர வேண்டும், மேலதிகாரி வந்து பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்கு அண்டா என்ன, கடலாக இருந்தால்கூட அன்று கை நுழைந்திருக்காது. திரும்பிப் போய் மறுபடி வரிசையில் நின்றால் ஒன்பதே காலுக்கு விமானம் என்னை விட்டுவிட்டுப் போய்விடும். திங்கட்கிழமை என் பிள்ளை தனியாகப் பெறுவாள். புதன்கிழமை போய் நான் என்ன செய்ய?

வேனிலிருந்து இறங்கி ஓரமாக நின்றேன். அதுவரை போகலாம் என்று விட்டார்கள். பாலம் தாண்டும்போது கூப்பிடுவதாக மகளிடம் சொல்லியிருந்தேன், அவளைக் கூப்பிட்டேன். அவளுக்கு அங்கே சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி. முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எங்கம்மா இருக்கீங்க?”

“பாலத்துக்கு இந்தப் பக்கமே கெடக்கேன். உங்க அத்தை பண்ணுன வேலையைக் கேளு.”

சொல்லத் தொடங்கினேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். அட்டையைப் படம் எடுத்துப் போட்ட புத்திசாலித்தனம், பட்டுப்புடவை, பவுடர், போட்டோ அழகு, முப்பது வருடத்துக்கு முந்தி என் கல்யாணத்தில் மோதிரத்தை மறந்துவிட்டு வந்தது, என் வீட்டு மிளகுத்தூளை வாங்கிப் போய் டப்பாவைத் திருப்பித் தராதது என்று ஒன்றையும் விடவில்லை. வேனின் கதவு திறந்திருந்தது. அண்ணிக்கு எல்லாம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

என் மகளுக்கு எப்போதும் வேலை. எப்போது கூப்பிட்டாலும் மூன்று நிமிடத்தில் “சரிம்மா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவாள். அன்று வைக்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினால், “அப்புறம்?” என்றாள். “அத்தை என்ன சொன்னாங்க?” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் நான் ஏச, அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. “ஹலோ, ஹலோ” என்பேன். மறுபடி மெதுவாக, “இருக்கேன்மா… சொல்லுங்க” என்று வரும். லைன் சரியில்லை என்று கணவரிடம் சொன்னேன்.

“அவ்ளோ தூரத்துல இருந்து வருதுல்ல. இழுக்கத்தான் செய்யும்” என்றார் அவர்.

நாற்பது நிமிடம். தடுப்பை எடுத்தார்கள், வேன் திரும்பியது. வைக்கும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: “பதறாதீங்கம்மா. மெதுவா வாங்க. இங்க ஒன்னும் அவசரம் இல்ல.”

என் கணவர் அந்த நாற்பது நிமிடமும் சும்மா இருக்கவில்லை. நாட்காட்டித் தாளை வெளியே எடுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வேன் திரும்பியதும் டிரைவரிடம், “ஜேபி சென்ட்ரல்ல விடுங்க” என்றார். அது ஜொகூர் பாரு ரயில் நிலையம்; அங்கிருந்து நடைபாலம் வழியாகப் போனால் பஸ்ஸில் எல்லை கடக்கிறவர்களின் சோதனைக் கூடம் வரும். பஸ்ஸுக்குத் தனிப் பாதை. கார்கள் நிற்கும்போதும் பஸ் நகரும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவது, மற்ற ஒன்பது பேரும் அங்கேயே நின்றுவிடுவது. மனுஷன் நூலால் அளந்த தூரமெல்லாம் எனக்கு விளையாட்டாக இருந்தது. அன்றைக்கு அந்தத் திட்டத்தைச் சொன்னபோது அவரை நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளத் தயாராக இருந்தேன்.

இறங்கும் இடத்தில் அண்ணி என் கையைப் பிடித்தார்.

“நான் வந்து கெடுத்துட்டேன்மா. மனசுல வெச்சுக்காதீங்க.”

நான் கையை உருவிக்கொண்டேன். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். பிறகு அவர்கள் ஒன்பது பேரும் ரயில் நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டார்களாம். அனுப்பி வைக்கும் சாப்பாடு வீணாகக்கூடாது இல்லையா. படம்கூட எடுத்துக் குரூப்பில் போட்டார்கள். அதில் அண்ணி மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

நாங்கள் ஓடினோம். அறுபது வயதில் ஓடுவது எப்படி என்று என் முட்டிகளைத்தான் கேட்க வேண்டும். பஸ், மறு கரையில் இன்னொரு வரிசை, பெட்டிகளை ஏற்றி இறக்கிச் சோதனை. பெட்டி முழுக்கப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சாமான். சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு. சோதனைக்காரர் திறந்து மோந்துவிட்டு உடனே மூடினார். அங்கிருந்து டாக்சி. பெட்டி போடும் கவுண்டரை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய் நின்றோம். என் கணவர் நாட்காட்டித் தாளைப் பார்த்து, “நான் போட்ட கணக்குக்கு நாலு நிமிஷம்தான் லேட்டு” என்றார். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

உள்ளே போய் விமானத்தின் வாசலில் நின்று மறுபடி மகளைக் கூப்பிட்டேன். மருமகன் எடுத்தார்.

“அவ குளிச்சிக்கிட்டு இருக்கா, அத்தை. நீங்க நிம்மதியா ஏறுங்க.”

நிம்மதியாக ஏறினேன். முன்னால் இருந்த திரையில் ஒரு குட்டி விமானம் படத்தின் மேல் ஊர்ந்தது. பக்கத்தில் இன்னும் எத்தனை கிலோமீட்டர், இன்னும் எத்தனை மணி நேரம் என்று எண்கள் குறைந்துகொண்டே வந்தன. மற்றவர்கள் சினிமா பார்த்தார்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பத்தாயிரம் ஆனபோது சாப்பிட்டேன். ஏழாயிரத்தில் கொஞ்சம் தூங்கினேன். தேதிக் கோட்டைத் தாண்டும்போது ரயில்வே கேட்டைத் தாண்டுவது போல் ஏதாவது தடதடக்கும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் இல்லை. அண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளையைத் திங்கட்கிழமைவரை பொறுத்திருக்கச் சொல்லி மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

இறங்கும்போது அங்கே ஞாயிறு காலை எட்டரைதான். நான் ஏறுவதற்கு முன்னால் இறங்கிவிட்டேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் மருமகன் மட்டும் நிற்கிறார். சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

“பாப்பா பொறந்துட்டா அத்தை. நேத்து ராத்திரி ஒன்பது ஐம்பதுக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“திங்கக்கிழமைன்னுதானே சொன்னாங்க?”

“பாப்பாகிட்ட யாரும் சொல்லல போல.”

நல்லா இருக்காங்க என்ற சொல்லைக் கேட்டதும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அடுத்த நொடியே பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷம் ஒரு பக்கம். ஆனால் நான் பக்கத்தில் இல்லை. அத்தனை வருடம் மனதில் வைத்திருந்த ஒரே காரியம் என் கையை விட்டுப் போய்விட்டது. கண் முன்னால் அண்ணியின் போட்டோ அழகுதான் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் மேல் பழி போடவும் வழியில்லை. அதே விமானத்தில்தான் நான் வந்திருக்கிறேன்.

குளுவாங்கிற்குக் கூப்பிட்டோம். பேத்தி என்றதும் என் கணவர் பிறந்த நேரத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு தாள் சரசரத்தது. பிள்ளை பிறந்தபோது நான் தைவானுக்குப் பக்கத்தில் எங்கோ மேலே இருந்திருக்கிறேன் என்று சொன்னார். இன்னொன்றும் சொன்னார்.

“கடுதாசிப்படி பாத்தா, அவ சனிக்கிழமை பொறந்துட்டா. நீ வீட்ட விட்டுக் கிளம்புனதே ஞாயித்துக்கிழமை. எவ்ளோ வேகமா போயிருந்தாலும் நீ லேட்டுதான்.”

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. கையில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை, அதன் நுனியில் கறுப்பு முடி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“பிந்திட்டேன்டி. நீ தனியா கெடந்துட்ட” என்றேன்.

“யாரு தனியா கெடந்தா?”

“நான் இல்லாமத்தானே பெத்த?”

அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க பாலத்துல நின்னு பேசுனப்போ எனக்கு வலி ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆச்சும்மா.”

நான் கட்டில் பக்கம் போனேன். அவளே சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கார்ல வந்துக்கிட்டு இருந்தோம். வலி வரும்போதெல்லாம் போன காதோட அழுத்திக்குவேன். நீங்க அத்தைய ஏசிக்கிட்டே இருப்பீங்க. ஒரு ஏச்சு முடியறதுக்குள்ள ஒரு வலி போயிடும். அப்புறம் அப்புறம்னு கேட்டது அதுக்குத்தான். நிறுத்திடாதீங்கன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்.”

“ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா பாலத்துல இருந்து குதிச்சு நீந்தியிருப்பீங்க. அத்தை மட்டும் சரியான பாஸ்போட்ட எடுத்துட்டு வந்திருந்தா மூணு நிமிஷத்துல வெச்சிருப்போம். நீங்க கூடவேதான் இருந்தீங்கம்மா. அதுக்கப்புறம் வந்த வலிக்கும் நீங்க ஏசுனதைத்தான் மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு இருந்தேன். அந்த மிளகுத்தூள் டப்பா வரைக்கும்.”

போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.